கிணறு கெட்ட கணக்கு எந்த ஏட்டில்?

ஆசிரியருக்கு வணக்கம்.

முதலீட்டாளர் மாநாட்டைப் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். எத்தனை கோடி வரும், எத்தனை பேருக்கு வேலை என்றெல்லாம் இருந்தது. ஆலையால் ஊர் கெட்டால் யார் ஈடு கட்டுவது என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை.

பொள்ளாச்சியிலிருந்து மேற்கே கேரள எல்லையைத் தாண்டினால் பிளாச்சிமடை வெகுதூரமில்லை. மழை மறைவுப் பிரதேசம். தமிழ் பேசும் குடும்பங்களும் அங்கே நிறைய. 2000-இல் அங்கே கோகோ கோலா ஆலை வந்தது. ஓரிரு ஆண்டுகளிலேயே கிணறுகள் வற்றின. மிஞ்சிய தண்ணீரில் சோறு ஒழுங்காக வேகவில்லை, குளித்தால் உடம்பெல்லாம் அரிப்பு என்று மக்கள் புகார் சொன்னார்கள். நிறுவனம் மறுத்தது. ஆலைக் கழிவோ விவசாயிகளுக்கு உரம் என்று போய்ச் சேர்ந்தது! அதில் காட்மியமும் ஈயமும் இருப்பதை 2003-இல் பிபிசி வானொலி பரிசோதித்து வெளியிட்டது.

2002 ஏப்ரலில் பழங்குடி மக்கள் ஆலை வாசலில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். முன்னால் நின்றவர் எரவாளர் சமூகத்து மயிலம்மா. அடுத்த ஆண்டு பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்று கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னார். 2005-இல் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுத்துக்கொள்ளலாம் என்றது. ஆனால் 2004 மார்ச்சில் மூடிய ஆலை மீண்டும் ஓடவேயில்லை.

வெற்றிதானே என்பீர்கள். 2010-இல் கேரள அரசின் உயர்மட்டக் குழு இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. அதை வசூலிக்கத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைச் சட்டமன்றம் 2011-இல் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. மயிலம்மா 2007-லேயே இறந்துவிட்டார்.

நம் வளர்ச்சிக் கணக்கில் ஆலை ஓடினால் உற்பத்தி. கிணறு கெட்டு லாரித் தண்ணீர் வாங்கினால் அதுவும் வளர்ச்சி. மருத்துவமனைச் செலவும் அப்படியே. கிணறு மட்டும் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

மாற்று என்ன என்று கேட்பார்கள். 2017-இல் தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தபோது எனக்கும் உற்சாகம்தான். ஆனால் புட்டியில் வெளிநாட்டுப் பெயர் போய் உள்ளூர்ப் பெயர் வந்தால் கிணற்றுக்கு என்ன லாபம்? மாற வேண்டியது முதலாளி யார் என்பது. கேரளத்தின் வடகரைப் பக்கம் 1925-இல் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இன்றும் சாலை, பாலம் கட்டுகிறது; தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் நடத்துகிறது. உழைக்கும் உறுப்பினர்களே அதன் நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூட்டுறவு என்றாலே நம்மூரில் கடன் தள்ளுபடிதான் நினைவுக்கு வரும். அது நம் அரசியல் செய்த வேலை.

எல்லா ஆலைகளையும் நாளைக்கே கூட்டுறவாக்க முடியாது. இதையாவது செய்யலாம்: சுரங்கங்களுக்கு, தோண்டி முடித்த நிலத்தைச் சீர்செய்யும் மூடல் திட்டமும் அதற்கான நிதி உத்தரவாதமும் விதியிலேயே இருக்கின்றன. நிலத்தடி நீரை உறிஞ்சும் ஆலைக்கும் அதே விதி வரட்டும். உற்பத்தி தொடங்கும் முன்பே வைப்புத்தொகை கட்டட்டும். அதை விடுவிப்பதும் பிடித்துக்கொள்வதும் கிராம சபையின் தீர்மானப்படி நடக்கட்டும். அடுத்த மாநாட்டு ஒப்பந்தங்களில் இந்த வரி இருக்கிறதா என்று தங்கள் நிருபர் கேட்டு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பொள்ளாச்சி.