விலை கூடின முட்டையைப் பற்றி நீ கேட்டது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்று நீ எழுதியிருந்த வரியைப் படித்த பிறகுதான் மனசு ஆறியது. இங்கே எல்லோரும் நலம். பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் பின்னாலேயே ஓடுவதில் எங்கள் இருவருக்கும் பொழுது போய்விடுகிறது.

கடிதத்தின் ஓரத்தில் ஒன்று கேட்டிருந்தாய். கண்ணுக்கு நல்லது என்று மருமகள் இப்போதெல்லாம் விலை கூடின முட்டையைத்தான் வாங்குகிறாள், உடைத்தால் உள்ளே ஆரஞ்சுப் பழம்போல இருக்கிறது, அதற்கு இத்தனை காசு தகுமா என்று. ஒரு வருடமாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஓட்டின் நிறம். அதற்காக மட்டும் ஒரு காசு கூடக் கொடுக்காதே. வெள்ளை லெகார்ன் கோழி வெள்ளை முட்டை இடும், ரோட் ஐலண்ட் ரெட் கோழி பழுப்பு முட்டை இடும். அது இனத்தின் குணம், அவ்வளவுதான். பழுப்பு ஓட்டை உடைத்து உட்பக்கம் பார், வெளுத்திருக்கும். முட்டை வெளியே வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மேலே பூசப்படுகிற சாயம் அது.

மஞ்சள் கருவின் நிறத்தில்தான் விஷயம் இருக்கிறது, உன் கண்ணுக்கும் அதற்கும் உறவும் இருக்கிறது. லூட்டின், சியாசாந்தின் என்று இரண்டு நிறமிகள். விழித்திரையின் நடுவில் நாம் எழுத்தைப் படிக்கப் பயன்படும் அந்தச் சின்னப் புள்ளியில் இருப்பவை இவைதான். மஞ்சள் கருவிலும் இருக்கின்றன, கூடவே கொழுப்பு இருப்பதால் உடம்பு அவற்றைச் சுலபமாக எடுத்துக்கொள்கிறது. ஆக, மருமகள் சொல்வது தப்பில்லை. ஆனால் கோழி இந்த நிறமியைத் தானாக உண்டாக்குவதில்லை, தின்பதிலிருந்துதான் எடுக்கிறது. புல்லும் மக்காச்சோளமும் தின்றால் கரு மஞ்சளாகும். கோதுமையை மட்டும் போட்டால் வெளிறிப்போகும். செண்டுமல்லிப் பூவின் சாற்றைத் தீவனத்தில் கலந்தால் பொன்னிறம் வரும், சிவப்பு மிளகாய்ச் சாற்றையும் சேர்த்தால் ஆரஞ்சு ஏறும். பண்ணைக்காரர்கள் கையில் எண் போட்ட நிற விசிறி ஒன்று இருக்கும். எந்த எண் வேண்டும் என்று வாங்குபவர் சொன்னால் தீவனத்தை அதற்கேற்ப மாற்றிவிடுவார்கள். மிளகாயின் சிவப்பு வேறு நிறமி, லூட்டின் இல்லை. அதனால் ஆரஞ்சு கூடக் கூடக் கண்ணுக்கு நல்லது என்று கணக்குப் போட முடியாது. லூட்டின்தான் வேண்டுமென்றால் கீரையில் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது.

ஒமேகா-3 என்று எழுதி விற்பது பொய்யில்லை. கோழிக்கு ஆளிவிதை கொடுத்தால் அந்தக் கொழுப்பு கருவில் சேரத்தான் செய்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி தாவரவகைக் கொழுப்பு. மூளைக்கும் கண்ணுக்கும் முக்கியமென்று சொல்லும் டிஹெச்ஏ என்ற மீன்வகைக் கொழுப்பு கொஞ்சம்தான் ஏறும். மீன் சாப்பிடுகிறவனுக்கு இதற்காகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை, சாப்பிடாதவர்களுக்கு ஓரளவு பயன் உண்டு. வைட்டமின் டி விஷயம்தான் எனக்கே புதிது. வெயிலில் திரியும் கோழியின் கருவில் அது மூன்று நான்கு மடங்கு வரை கூடுகிறது என்று ஜெர்மனியில் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டிருக்கிறார்கள். புரதம் எதிலும் ஒன்றுதான். ஓடு நீக்கி ஐம்பது கிராம் முட்டையென்றால் ஆறு கிராம் சொச்சம்.

ருசியையும் பார்த்துவிட்டேன். மூன்று விதமான முட்டைகளை ஒரே நேரம் வேகவைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒரு துண்டாகச் சாப்பிட்டோம். எது விலை கூடினது என்று எங்கள் வீட்டில் ஒருவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. கண்ணைத் திறந்து ஆரஞ்சுக் கருவைப் பார்த்ததும் எல்லோரும் அதைத்தான் ருசி என்றார்கள்!

புதுசா பழசா என்பது மட்டும் நிச்சயம் தெரிகிறது. நீயே செய்து பார். ஒரு தட்டில் புது முட்டையையும் மூன்று வாரம் ஆனதையும் பக்கத்தில் பக்கத்தில் உடைத்து ஊற்று. புதியதில் மஞ்சள் கரு குன்றுபோல நிமிர்ந்திருக்கும், அதைச் சுற்றி வெள்ளைக் கரு கெட்டியாக மேடுகட்டி நிற்கும், லேசாகப் புகை படர்ந்ததுபோலவும் இருக்கும். அந்தக் கலங்கல் கெட்டதன் அடையாளமில்லை, உள்ளே இருக்கும் கரியமில வாயு இன்னும் வெளியேறவில்லை என்று அர்த்தம். பழையதில் வெள்ளைக் கரு தெளிந்து தண்ணீராகத் தட்டின் விளிம்பு வரை ஓடிவிடும். இந்த மேட்டின் உயரத்தையும் முட்டையின் எடையையும் வைத்துப் புதுமையை அளக்க ரேமண்ட் ஹாஃப் என்பவர் 1937இல் ஒரு வழி வகுத்தார். இன்றைக்கும் அவர் பெயரால்தான் அளக்கிறார்கள். விலை குறைந்த முட்டை புதியதாக இருந்தால், விலை கூடின பழைய முட்டையைவிட அது எவ்வளவோ மேல். பெட்டியில் முதலில் தேதியைப் பார்க்கச் சொல் மருமகளிடம்.

இதோடு நிறுத்தியிருந்தால் 'வேண்டாம், சாதாரண முட்டையே போதும்' என்று எழுதியிருப்பேன். ஆனால் போன வருடம் தங்கை மகன் வேலை பார்க்கும் பண்ணைக்குப் போனேன், அதிலிருந்து என்னால் அப்படி எழுத முடியவில்லை.

நீளமான கொட்டகை. மூன்றடுக்காகக் கூண்டுகள். கீழே கம்பித் தரை, முன்பக்கம் சரிவாக, இட்ட முட்டை தானாக உருண்டு வந்து வாய்க்காலில் விழுகிற மாதிரி. ஒரு கோழி முட்டையிட இடம் தேடிக்கொண்டிருந்தது. மூலைக்குப் போகும், திரும்பும், மற்றவற்றின் மேல் ஏறும், வெறும் கம்பியைக் காலால் பறிக்கும். வைக்கோல் இருந்தால் குழி பறித்து உட்காரும், இங்கே பறிக்க ஒன்றுமில்லை. கால்மணி நேரம் நின்று பார்த்தேன். கடைசியில் நின்ற இடத்திலேயே இட்டது, முட்டை உருண்டு போய்விட்டது. அந்தக் கோழி இரண்டு தரம் திரும்பிப் பார்த்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பழைய வகைக் கூண்டில் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் போதும் என்று இருந்தது. நாம் எழுதும் ஏ4 தாள் 620க்கு மேல். 2012 ஜனவரியில் அந்தக் கூண்டை அங்கே தடை செய்துவிட்டார்கள். முட்டை ஓட்டிலேயே எண் குத்தவும் வைத்தார்கள்: 3 என்றால் கூண்டு (இப்போது தடையில்லாத புதுவகை), 2 கொட்டகைத் தரை, 1 வெளியில் திரிவது, 0 இயற்கை முறை. 1 என்று போட வேண்டுமானால் ஒரு கோழிக்கு வெளியே நான்கு சதுர மீட்டர் நிலம் வேண்டும். எனக்குப் பிடித்தது இதுதான். படம் பார்த்து ஏமாற வேண்டியதில்லை, எண்ணைப் பார்த்தால் போதும்.

வெளியில் விடும் பண்ணை என்றாலும் எல்லாம் சரியென்று நினைத்துவிடாதே. மரமோ புதரோ இல்லாத வெட்டவெளிக்குக் கோழி போகப் பயப்படும், கதவு திறந்திருந்தும் பாதிக்கு மேல் உள்ளேயே கிடப்பதுண்டு. முட்டையிடாத சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொல்வது விலை கூடின முட்டைக்குப் பின்னாலும் நடக்கிறது. ஜெர்மனி 2022இல் அதைத் தடை செய்தது.

ஆகவே நான் செய்வது இது. 'பண்ணை மணம்', 'இயற்கையின் கொடை' என்று மட்டும் எழுதியிருந்தால் தொடமாட்டேன். கோழி எங்கே வளர்ந்தது, எவ்வளவு இடம், யார் சோதித்துச் சான்று கொடுத்தார்கள் என்று இருந்தால் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறேன். அந்த வைட்டமின் டியை விட்டால் எனக்கு அதில் சத்து பெரிதாக ஒன்றும் கூடவில்லை, அந்தக் காசு கோழிக்குப் போகிறது என்று தெரிந்தே கொடுக்கிறேன். கட்டுப்படியாவதற்காக வாரம் பன்னிரண்டு வாங்கிய இடத்தில் இப்போது எட்டு. கையில் காசு இறுக்கமாக இருப்பவன் சாதாரண முட்டை வாங்கினால் அவனை ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். குழந்தைக்குப் புரதம் அவ்வளவு மலிவாக வேறெங்கே கிடைக்கும்?

இப்போதுதான் கண் தெளிந்திருக்கிறதே, மருமகள் வாங்கிவரும் பெட்டியில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்து அப்படியே எனக்கு எழுதி அனுப்பு. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள். குனிந்து பாரம் தூக்காதே. மருமகளுக்கு என் அன்பைச் சொல்.

உன் அன்பு நண்பன்