சர்வரின் லினக்ஸ் கர்னலை எப்போது மாற்றுவீர்கள்?

எங்கள் சர்வர்களைப் பராமரிக்கும் நிறுவனத்தின் நெட்வொர்க் பிரிவினருக்கு,

வணக்கம். டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி முகவரியைச் சொல்லும் சேவை) கேள்விகள் ஐந்து நொடி தொங்குவது பற்றிய பழைய புகார்கள் எல்லாம் உங்களிடம் இருக்கின்றன. போன வெள்ளிக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நான் பார்த்துக்கொள்ளும் தளத்தில் கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். இரவு பத்தரைக்கு ஒரு மாணவியின் அப்பா போன் செய்தார். கணக்கிலிருந்து கட்டணம் போய்விட்டது, ரசீது வரவில்லை, மறுபடி கட்டலாமா என்று கேட்டார். "கட்டாதீங்க, கொஞ்சம் இருங்க" என்றேன். மறுபடி கட்டக் கையில் பணம் இல்லை, யாரிடமாவது கேட்டுப் பார்க்கிறேன் என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. சர்வரின் பதிவான லாகைத் திறந்தால் அதே ஐந்து நொடி. வங்கியின் முகவரியைக் கேட்ட டிஎன்எஸ் கேள்வி இரண்டரை நொடி தொங்கி, மறுபடி கேட்டு, அதுவும் தொங்கி, ஐந்து நொடிக் கெடு முடிந்து அறுந்துபோயிருந்தது. மறுநாள் மாலை நான் கையால் பதிந்த பிறகுதான் ரசீது போனது.

காரணம் உங்களுக்கே தெரியும். பழைய வகை முகவரியான ஐபிவி4க்கு ஒன்று, புதிய வகையான ஐபிவி6க்கு ஒன்று என இரண்டு கேள்விகள் யுடிபி பாக்கெட்டுகளாக (சிறு தரவுத் துண்டுகளாக) ஒரே போர்ட்டிலிருந்து ஒரே சமயத்தில் கிளம்புகின்றன. பாக்கெட்டின் முகவரியை மாற்றி அனுப்பும் நேட் நடக்கும் இடத்தில், இணைப்புகளைக் குறித்துவைக்கும் கான்ட்ராக் அட்டவணையில் பதிய இரண்டும் முட்டிக்கொள்கின்றன. தோற்றதை, இயங்குதளத்தின் மையமான கர்னல் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுகிறது. எங்கள் கன்டெய்னர்களில் (நிரல்கள் தனித்தனியாக ஓடும் பொதிகளில்) டிஎன்எஸ் கேள்வி அனுப்பும் மசல் நூலகம் இரண்டரை நொடி காத்திருந்துதான் மறுபடி கேட்கும். அட்டவணையில் பதியத் தவறியதைக் காட்டும் இன்சர்ட் ஃபெயில்டு எண்ணிக்கை ஏறுவதை மூன்று முறை படமெடுத்து அனுப்பினேன். மூன்று முறையும் "உங்கள் பக்கம் சரிபாருங்கள்" என்றே பதில் வந்தது.

லினக்ஸில் இதற்கான திருத்தங்கள் 2018இல் 4.19லும் 2019இல் 5.0விலும் சேர்ந்துவிட்டன. நீங்கள் தருவது இன்னும் திருத்தம் ஏறாத 4.14. தயவுசெய்து கர்னலை மாற்றுங்கள். டிஎன்எஸ் அமைப்புகள் உள்ள ரிசால்வ் கோப்பில், இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக அனுப்பச் சொல்லும் ஒரு வரி சேர்க்கச் சொன்னீர்கள். எங்கள் கன்டெய்னர்கள் ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் வகை. அதிலுள்ள மசல் நூலகம் அந்த வரியைக் கண்டுகொள்வதே இல்லை.

கட்டணத்தை உயர்த்தும் மின்னஞ்சல் தேதி தவறாமல் வருகிறது. டாஷ்போர்டுக்குப் புது நிறம் வருகிறது. ஒரு பாக்கெட் ஏன் தொலைகிறது என்று பார்க்க மட்டும் உங்களிடம் யாருமே இல்லையா? பணம் வாங்கும்போது இருக்கும் அக்கறை இதிலும் வேண்டாமா?

சரி, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். இரண்டாம் கட்ட விண்ணப்பத்துக்கு மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் கர்னலை மாற்றித் தாருங்கள். முடியாவிட்டால் அதுவரை ஒவ்வொரு நோடிலும் (சர்வரிலும்) டிஎன்எஸ் பதில்களைச் சேமித்துவைக்கும் கேஷாவது வையுங்கள். எந்தத் தேதியில் மாற்றுவீர்கள் என்பதை இந்த வாரமே சொல்லிவிடுங்கள். கல்லூரிக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
விண்ணப்பத் தளத்தைப் பார்த்துக்கொள்பவன்