லூசியானாவிலிருந்து அப்பாவுக்கு

பேட்டன் ரூஜ்,
லூசியானா, அமெரிக்கா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். "கடற்கரையைக் காப்பாற்ற இத்தனை பேர் கூடிப் பேச வேண்டுமா? ஒரு சுவரைக் கட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று போனில் கேட்டீர்கள். கடற்கரை மாநாட்டு வேலையில் அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே வந்தபின் நான் கற்றதில் பாதி அந்தக் கேள்விக்கான பதில்தான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

சுவர் இங்கே ஏற்கெனவே இருக்கிறது, அப்பா. 1927-இல் மிசிசிப்பி ஆற்றின் பெருவெள்ளம் லட்சக்கணக்கானவர்களின் வீடுகளை அடித்துப்போனது. மறு ஆண்டே வெள்ளத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆற்றின் இரு பக்கமும் மண்கரைகள் உயர்ந்தன. நியூ ஓர்லியன்ஸ் தெருவில் நின்றால், ஆற்றில் நீர் ஏறிய நாட்களில், கரைக்கு மேலே கப்பலின் மேல்தளம் மெல்ல நகர்ந்து போவது தெரியும். ஆறு நம் தலைக்கு மேல் ஓடுகிறது என்பது முதலில் பார்க்கும்போது நெஞ்சைப் பிசைகிறது.

அந்தக் கரைகள் வெள்ளத்தைத் தடுத்தன. கூடவே வெள்ளம் கொண்டுவரும் வண்டலையும் தடுத்துவிட்டன. தென் லூசியானாவே ஆறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொட்டிச் சேர்த்த சேறுதான். மேலே புதுச் சேறு படியாவிட்டால் அடியில் உள்ளது அமுங்கிக்கொண்டே போகும். கடற்கரைப் பகுதி சராசரியாக ஆண்டுக்கு 9 மில்லிமீட்டர் இறங்குகிறது. கடல் மட்டமோ ஏறுகிறது. போதாததற்கு, எண்ணெய் எடுக்கவும் குழாய் பதிக்கவும் சதுப்புக்குள் வெட்டிய வாய்க்கால்கள் வழியாக உப்புநீர் புகுந்து நன்னீர்ப் புல்லைக் கொன்றது. வேர் போனால் மண் நிற்காது. 1932 முதல் 2016 வரை இந்த மாநிலத்தின் கடலோரம் இழந்த நிலம் 4,833 சதுர கிலோமீட்டர். இருந்ததில் கால் பங்கு!

2005-இல் கத்ரீனா புயல் வந்தபோது தடுப்புச் சுவர்கள் பல இடங்களில் உடைந்தன. நியூ ஓர்லியன்ஸின் 80 சதவீதம் நீரில் மூழ்கியது. சுவருக்கு முன்னால் அலையின் வேகத்தைத் தணிக்கச் சதுப்பு இருக்க வேண்டும் என்பதை மாநிலம் அதற்குப் பிறகே கொள்கையாக ஏற்றது. 2023-இல் வெளியான கடலோரத் திட்டம் 50 ஆண்டுகளுக்கு 5,000 கோடி டாலர் கேட்கிறது. அதில் பாதி சுவர்களுக்கும் வீடுகளை உயர்த்திக் கட்டுவதற்கும். மறு பாதி சேற்றுக்கும் புல்லுக்கும். உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

என் வேலை அந்த மறு பாதியில் ஒரு துளி. சதுப்பின் மேல் ஃபெல்ட்ஸ்பார் என்ற வெள்ளைத் தாதுப்பொடியைத் தூவி வைப்போம். மாதங்கள் கழித்துப் படகில் போய், திரவ நைட்ரஜனால் அந்த இடத்துச் சேற்றை உறையவைத்து உருவி எடுப்போம். வெள்ளைக் கோட்டுக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர் மண் சேர்ந்திருக்கிறது என்று அளப்பதுதான் கணக்கு. நிலம் அமுங்கும் வேகத்தையும் கடல் ஏறும் வேகத்தையும் அது முந்தினால் அந்தச் சதுப்பு பிழைக்கும். இல்லையென்றால் திறந்த நீராகிவிடும். இடுப்பளவு சேற்றில் நின்று அந்தக் கோட்டைத் தேடும்போது எனக்கு வேறு நினைப்பே வராது.

மாநாட்டில் எல்லோரும் வாக்ஸ் லேக் கால்வாய் பற்றிப் பேசினார்கள். மார்கன் சிட்டி என்ற ஊரில் வெள்ள மட்டத்தைக் குறைக்க 1941-இல் அதை வெட்டினார்கள். நிலம் உண்டாக்குவது யாருடைய எண்ணத்திலும் இல்லை. 1973 வெள்ளத்துக்குப் பிறகு அதன் வாயில் தீவுகள் தலைகாட்டின, இன்றும் வளர்கின்றன. லூசியானாவின் கடலோரம் பெரும்பாலும் கரைந்துகொண்டிருக்க, அங்கே புது டெல்டா. ஆற்றுக்கு வழி விட்டால் அது தன் வேலையைச் செய்கிறது என்பதற்குக் கண்முன் உள்ள சாட்சி அது.

அதே வேலையை ஆற்றிடம் வேண்டுமென்றே ஒப்படைக்கத்தான் மிட்-பாரடேரியா திட்டம் வந்தது. கரையில் மதகு அமைத்து, வண்டல் நீரைப் பாரடேரியா என்ற சதுப்புப் படுகைக்குள் திருப்ப வேண்டும். செலவு சுமார் 300 கோடி டாலர். 2010-இல் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துளையிடும் கடல்மேடை வெடித்து 11 பேர் இறந்தார்களே, அந்த விபத்துக்கு ஈடாகக் கிடைத்த பணத்தில்தான் பெரும்பகுதி வர இருந்தது. 2023-இல் பணி தொடங்கியது. 2025 ஜூலையில் மாநில அரசு அதைக் கைவிட்டது.

எனக்கு இது பெரிய வருத்தம். ஆனால் அரங்கில் பின்வரிசையிலிருந்து எழுந்த ஒரு சிப்பி வளர்ப்பவர் பேசியதை மறக்க முடியவில்லை. நன்னீர் பாய்ந்தால் அந்தப் படுகையின் சிப்பிகள் சாகும். பழுப்பு இறால் விலகிப் போகும். டால்பின்களும் இறக்கும் என்று அரசின் ஆய்வறிக்கையே சொன்னது. "என் பேரனுக்கு நிலம் வேண்டும் என்கிறீர்கள். அதுவரை என் மகன் எதை வைத்துப் பிழைப்பான்?" என்று அவர் கேட்டார். மேடையில் யாரும் உடனே பேசவில்லை. ஆற்றைத் திறக்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதே அளவு உறுதியாக, இழப்பவர்களுக்கான வழியை மதகின் வரைபடம் போடும்போதே போட்டிருக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். வரைபடம் முடிந்தபின் நீட்டும் நிவாரணத்தை யாரும் நம்புவதில்லை.

காத்திருக்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். ஐல் டி ஜீன் சார்ல்ஸ் என்ற பழங்குடித் தீவு 1955-க்குப் பின் தன் நிலத்தில் 98 சதவீதத்தை இழந்தது. அங்குள்ளவர்கள் குடிபெயர 2016-இல் மத்திய அரசு 4.8 கோடி டாலர் ஒதுக்கியது. 2022-இல்தான் புதிய வீடுகளின் சாவி கைக்கு வந்தது. மூதாதையர் கல்லறைகள் மட்டும் பழைய தீவிலேயே இருக்கின்றன.

பெரிய திட்டங்கள் தவிர, மனத்துக்குத் தெம்பு தருபவையும் உண்டு. நியூ ஓர்லியன்ஸ் உணவகங்களில் மிஞ்சும் சிப்பி ஓடுகளை 2014 முதல் சேகரித்து, வெயிலில் காயவைத்து, கரையோரத்தில் திட்டுகளாக அடுக்குகிறார்கள். அலை தணிகிறது, அந்த ஓடுகளின் மேல் குஞ்சுச் சிப்பிகள் ஒட்டி வளர்கின்றன. விடுமுறை நாட்களில் நானும் மூட்டை சுமக்கப் போகிறேன்.

புயல் காலம் ஜூன் 1-இல் தொடங்கி நவம்பர் வரை. அம்மா பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆவணங்களும் மருந்தும் ஒரு பையில் தயாராக இருக்கின்றன. வெளியேறச் சொன்னால் வடக்கே தோழியின் வீட்டுக்குப் போய்விடுவேன். அவளுடைய போன் எண்ணைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். புயலடித்த பிறகு சில நாட்கள் போன் கிடைக்காமல் போகலாம். அப்போது அந்த எண்ணுக்கு முயலுங்கள்.

நீங்கள் பதில் எழுதும்போது, அந்தச் சிப்பிக்காரரின் கேள்விக்கு என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கும் அவர் வருகிறாராம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்