தாயின் நாடியையும் பார்

அன்பு மகளுக்கு,

பிரசவ அறைப் பணியில் சேர்ந்ததிலிருந்து சிசுவின் இதயத் துடிப்பைக் காட்டும் சி.டி.ஜி. தாளைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை என்று எழுதியிருந்தாய். நல்லதுதான், ஆனால் அந்தத் தாளில் தெரிவதில் பாதி, தாயின் இரத்த ஓட்டத்தில் நடப்பதன் விளைவு என்பதை, பிரசவ அறைச் செவிலியாக இருந்தவள் என்ற முறையில் உனக்குச் சொல்லத் தோன்றுகிறது.

ஒவ்வொரு வலியிலும் சுருங்கும் கருப்பை 300 முதல் 500 மி.லி. வரை இரத்தத்தைத் தாயின் உடலுக்குள் பிழிந்து அனுப்புவதால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. அதே நேரத்தில் நச்சுக்கொடிக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. இரண்டு வலிகளுக்கு இடைப்பட்ட பொழுதில்தான் குழந்தை அந்தக் குறையை ஈடுசெய்துகொள்கிறது. வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் ட்ரிப்பை அவசரப்பட்டுக் கூட்டி, 10 நிமிடத்தில் 5 வலிகளுக்கு மேல் வரவிட்டால் அந்த இடைவெளி பறிபோகும். தாயின் அழுத்தம் விழும்போது தன் இரத்த ஓட்டத்தைத் தானே காத்துக்கொள்ளும் திறன் கருப்பைக்கு அநேகமாகக் கிடையாது. ஆகவே வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசி அழுத்தத்தை இறக்கிய பிறகோ, மல்லாந்து படுத்த பெண்ணின் இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையைக் கருப்பை அழுத்தும்போதோ சிசுவின் துடிப்பு சரிந்தால், முதலில் அவளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து அழுத்தத்தைப் பார்.

இன்னொன்று: முக்கும் நேரத்தில் இயந்திரம் சிசுவை விட்டுவிட்டுத் தாயின் துடிப்பைப் பதிவு செய்வதுண்டு. வலியின்போது சிசுவின் துடிப்பு பெரும்பாலும் இறங்கும், தாயுடையது ஏறும். வலியோடு சேர்ந்து ஏறும் அழகான கோட்டைக் கண்டால் மகிழாமல், அவள் மணிக்கட்டைப் பிடித்து ஒப்பிட்டுப் பார்.

குழந்தை பிறந்ததும் அறையே அதன் பக்கம் திரும்பிவிடுவது எனக்கு என்றுமே பிடித்ததில்லை. தாயின் இதயம் மிக அதிகமாக உழைப்பது அப்போதுதான். வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிய பெண்ணுக்கு நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து அடுத்த ஓரிரு நாள் வரை நீடிக்கும். இரத்தப்போக்கிலும் இளம் பெண்களின் அழுத்தம் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். நாடியே முந்திக்கொண்டு ஏறும். நாடி எண்ணிக்கை, இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை எட்டிப்பிடிக்கும் வரை காத்திராமல் மூத்தவர்களை அழைத்துவிடு. கருப்பையைச் சுருக்கி இரத்தப்போக்கை நிறுத்தும் மெதர்ஜின் ஊசி இரத்த அழுத்தத்தையும் ஏற்றும்; அழுத்தம் பார்க்காமல் அதைக் கையில் எடுக்காதே.

அன்புடன்,
அம்மா