நட்சத்திரம் கோடாக விழுந்தால் ட்ரைபாட் மீது பழி போட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடையில் கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு என்று மலையேறுகிறவர்கள் அமாவாசையை ஒட்டி எடுக்கும் பால்வீதிப் படங்களைத் தங்கள் வாசகர் பக்கத்தில் வெளியிடுவது மகிழ்ச்சி. ஆனால் பல படங்களில் வானம் தெளிவாக இருந்தும் நட்சத்திரங்கள் மங்கலாக இருக்கின்றன. "நல்ல ட்ரைபாட் வாங்குங்கள்" என்பதுதான் இதற்கு எல்லோரும் சொல்லும் யோசனை. இதை நம்பிப் பலர் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள், படம் அப்படியேதான் இருக்கிறது.

படத்தைக் கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஒரே ஒரு நட்சத்திரத்தைப் பாருங்கள். கோளாறு எங்கே என்று அதன் வடிவமே சொல்லும். ஊதிய பந்துபோல் உருண்டையாக இருந்தால் ஃபோகஸ் தவறு. தூரத்துப் பாறை கூர்மையாக இருந்து நட்சத்திரம் மட்டும் கோடானால், ஷட்டரை அதிக நேரம் திறந்துவிட்டோம். பாறையும் சேர்ந்து இழுபட்டிருந்தால்தான் கேமரா அசைந்திருக்கிறது. நடுவில் புள்ளியாகவும் மூலைகளில் சிறகு விரித்தாற்போலவும் இருந்தால் அது லென்ஸின் குணம், லென்ஸின் திறப்பை எஃப் 1.8-லிருந்து 2.8-க்குச் சுருக்கினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

இவற்றில் அதிகம் காணப்படுவது ஃபோகஸ் தவறுதான். லென்ஸில் உள்ள முடிவிலிக் (∞) குறியில் வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களின் வளையம் அந்த இடத்தையும் தாண்டிச் சுற்றும். வெப்பநிலை மாறினால் சரியான இடமும் சற்று நகரும். மேனுவலுக்கு மாற்றி, லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில், பிரகாசமான நட்சத்திரம் ஒன்றை 10 மடங்கு பெரிதாக்குங்கள். சித்திரை, வைகாசி இரவுகளில் உச்சிக்கு அருகே ஆரஞ்சு நிறத்தில் தெரியும் சுவாதி இதற்கு ஏற்றது. வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினால் ஒளிவட்டம் சுருங்கிப் புள்ளியாகும், தாண்டினால் மறுபடி விரியும். அதுவரை தெரியாத மங்கிய நட்சத்திரங்கள் பக்கத்தில் முளைக்கும் இடம்தான் சரியான இடம். அங்கேயே வளையத்தின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். அதன்பின் ஜூமைத் தொட்டால் ஃபோகஸ் போய்விடும். சில மிரர்லெஸ் கேமராக்களை அணைத்துப் போட்டாலும் போய்விடும்.

அடுத்தது, 500-ஐ லென்ஸின் மி.மீ. அளவால் வகுக்கும் பழைய கணக்கு. இதன்படி ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 24 மி.மீ. லென்ஸுக்கு 20 வினாடி வரை போகலாம். ஃபிலிம் காலத்துக்கு அது சரி. 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 6 மைக்ரான். வானம் ஒரு மணிக்கு 15 பாகை சுழல்வதால், பால்வீதி மையத்துக்கு அருகே உள்ள கேட்டை நட்சத்திரம் 20 வினாடியில் ஏறக்குறைய 5 பிக்சல் நகர்ந்துவிடும். அதுவே கோடு. 10 வினாடியாகக் குறைத்து, பாதியாகும் ஒளியை ஈடுகட்ட, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200 இருந்தால் 6400 ஆக்குங்கள். படம் புள்ளிப்புள்ளியாக, பொரிபொரியாக வரும் என்ற பயம் வேண்டாம். அசையாமல் 16 படம் எடுத்து, சீக்வேட்டர் போன்ற இலவச மென்பொருளில் நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திச் சேர்த்தால், பொரி நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

ட்ரைபாடில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். நடுத்தண்டை உயர்த்த வேண்டாம், கேமரா வாரைக் கழற்றிவிடுங்கள், 2 வினாடி டைமரில் எடுங்கள், லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்துவிடுங்கள். காற்று அடிக்கும்போது கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் அது ஊசலாடிக் கேமராவையும் ஆட்டும். பை தரையைத் தொட்டபடி இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை.

மலையில் பலரும் கவனிக்காமல் விடுவது பனி. திறந்த வானத்தைப் பார்த்தபடி நிற்கும் லென்ஸின் கண்ணாடி, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடும். ஈரம் அதன்மேல் படியும். நள்ளிரவுக்குமேல் படங்கள் வெளிறி, பெரிய நட்சத்திரங்களைச் சுற்றி மங்கிய வட்டம் விழத் தொடங்கினால் டார்ச்சைச் சாய்வாக அடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். கைக்குட்டையால் துடைத்துப் பயனில்லை. கண்ணாடி இன்னும் குளிர்ந்தே இருப்பதால் சில நிமிடங்களில் மீண்டும் படியும். பவர் பேங்கில் ஓடும் யுஎஸ்பி சூட்டுப்பட்டையை லென்ஸின் முன்விளிம்பில் தொடக்கத்திலேயே கட்டிவிட வேண்டும். சூடு ஏறியதும் ஃபோகஸை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். வாசகர் படங்களின் கீழே ஊர்ப் பெயரோடு லென்ஸின் மி.மீ., எஃப் எண், வினாடி, ஐஎஸ்ஓ ஆகியவற்றையும் ஒரு வரியில் அச்சிடுங்கள். அடுத்த அமாவாசைக்குக் கிளம்புகிறவர், கூர்மையாக வந்த படம் எத்தனை வினாடியில் எடுக்கப்பட்டது என்று பார்த்து, அதிலிருந்தே தொடங்கிக்கொள்வார்.

– வாசகர், பழனி