பல்பை விடு மாப்ளே, முதலில் டூமைப் பார்

திண்டுக்கல்
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்ளே,

நீ கொடுத்தனுப்பிய எலுமிச்சைப் பை நேற்று வந்து சேர்ந்தது. பாதி ஊறுகாய்க்கு ஒதுங்கிவிட்டது, மீதியைத் தெருவே பங்கு போட்டுக்கொண்டது. புளியங்குடிக் காய்தான் என்று பக்கத்து வீட்டு ஆச்சி மோந்து பார்த்தே சொல்லிவிட்டார்கள். பைக்குள் கிடந்த உன் கடிதத்தைக் காய்களை எண்ணுவதற்கு முன்பே படித்துவிட்டேன்.

வாசுதேவநல்லூர் தாண்டி, கரும்பு ஏற்றிய டிரெய்லருக்குப் பத்தடி பின்னால் பிரேக் அடித்து நின்றாய் என்று படித்ததும் எனக்கே வயிற்றைக் கலக்கியது. டிரெய்லருக்குப் பின்விளக்கு இல்லை, எதிரே கேரளாவிலிருந்து திரும்பும் லாரி பிரைட்டைக் குறைக்காமல் வந்தது, உன் வண்டி வெளிச்சமோ மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து தங்கச்சி ராத்திரிப் பயணமே கூடாது என்கிறாள். அவள் பேச்சைக் கேள். ஆனால் உன் கேள்வி வேறு. "ஹெட்லைட்டுக்கு நூறு வாட் பல்பு போடவா, எல்இடி போடவா, ஒரே வரியில் சொல்" என்று எழுதியிருக்கிறாய். ஒரே வரியில் சொன்னால், இரண்டும் வேண்டாம். ஏன் என்பதற்குத்தான் மீதிக் காகிதம். இந்தப் படிப்புக்கு நான் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் ஃபீஸ் கட்டியிருக்கிறேன்.

மூத்தவள் கொடைக்கானலில் வேலை பார்த்த இரண்டு வருஷமும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்தான் போய் அழைத்து வருவேன், உனக்குத் தெரியும். வத்தலக்குண்டு வரை பிரச்சினை இல்லை. மலை ஏற ஆரம்பித்தால் ஆல்டோவின் வெளிச்சம் போதவே போதாது. ஒரு கடையில் எல்இடி காட்டினார்கள். கடைக்குள்ளேயே போட்டுக் காட்டினால் யாருக்குத்தான் ஆசை வராது? பால் மாதிரி வெள்ளை. 3,200 ரூபாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன். முதல் ராத்திரி வண்டிக்கு முன்னால் இருபதடிக்குக் கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம், அதற்கு அப்பால் கும்மிருட்டு. எதிரே வந்த ஒவ்வொருவனும் லைட்டை அடித்து அடித்துத் திட்டிவிட்டுப் போனான். நான் டிம்மில்தான் வந்தேன் மாப்ளே, சத்தியமாக. பெருமாள்மலை தாண்டி மூடுபனிக்குள் நுழைந்ததும் கண்ணுக்கு முன்னால் வெள்ளைச் சுவர் எழும்பிவிட்டது. போதாததற்கு, லைட்டைப் போட்டாலே ரேடியோவில் கரகரப்பு.

ஏன் இப்படி என்று அப்புறம்தான் புரிந்தது. உன் வேகன் ஆர், என் ஆல்டோ இரண்டுக்குமே ஹெச்4 என்கிற ஹாலஜன் பல்பு. பல்பு ஒன்றுதான், உள்ளே இழை இரண்டு: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழைக்குக் கீழே குட்டிக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். கழற்றும்போது உற்றுப் பார், தெரியும். இழையின் வெளிச்சம், பல்பைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி இருக்கும் ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் படாமல் அந்தத் தகடு மறைக்கிறது. மேல்பாதியில் மட்டும் பட்டுத் திரும்புவதால் வெளிச்சம் ரோட்டைப் பார்த்து இறங்குகிறது, எதிரே வருபவன் கண்ணுக்குப் போவதில்லை. ரிஃப்ளெக்டரின் வளைவு முழுவதும் அந்த இழை நிற்கும் இடத்தைக் கணக்கு வைத்துத்தான் செய்யப்பட்டிருக்கிறது. சின்ன வயசில் பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கருக்குவோமே, கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் புகைகூட வராதே, அதே சங்கதிதான். நான் வாங்கியதில் இழை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தட்டையான பட்டையின் இரு பக்கமும் சில்லுகளை ஒட்டியிருந்தார்கள். வெளிச்சம் நிறைய வந்தது, ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. இன்னொன்றும் சொல்கிறேன்: பானட்டுக்கு முன்னாலேயே அவ்வளவு பளிச்சென்று இருந்தால் கண்ணின் பாப்பா சுருங்கிவிடும். தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகத் தெரியும்.

கம்பெனியிலேயே எல்இடியோடு வரும் வண்டிகளை இதில் சேர்க்காதே. அவற்றின் டூமையே, அதாவது பல்பு உட்காரும் ஹெட்லைட் கூட்டையே, எல்இடிக்காகத்தான் செய்கிறார்கள். ஹாலஜன் டூமுக்குள் எல்இடியைத் திணிப்பதைத்தான் சொல்கிறேன். என்னுடையதில் பின்னால் இருந்த ஃபேன் இடித்து ரப்பர் மூடி உட்காரவில்லை. ஐப்பசி மழையில் டூமுக்குள் வேர்த்து வடிந்தது.

அதைக் கழற்றி வைத்துவிட்டு நான் செய்தது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். 100/90 வாட் பல்பு. விலை குறைவு, மாட்டுவதும் சுலபம். ஒரு மாதம் சந்தோஷமாக ஓட்டினேன். ஒரு நாள் கருகிய பிளாஸ்டிக் வாடை வந்தது. பானட்டைத் திறந்து பார்த்தால், பல்பில் வயரைச் செருகும் கப்ளர் உருகி பல்பின் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டிம்மில் 55 வாட்டுக்குப் பதில் 90 வாட் என்றால் வயரில் ஓடும் கரண்ட் ஒன்றரை மடங்குக்கு மேல். வயரில் கிளம்பும் சூடோ கரண்டின் வர்க்கத்தில் ஏறும், கிட்டத்தட்ட 2.7 மடங்கு. பழைய சின்ன வண்டிகள் பலவற்றில் அந்தக் கரண்ட் முழுவதும் ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகத்தான் போகும். கப்ளரோடு போனது என் அதிர்ஷ்டம்.

அந்த உருகிய கப்ளரை எடுத்துக்கொண்டு போன இடத்தில்தான் எனக்குக் குரு கிடைத்தார். நாகல்நகரில் சின்னக் கடை வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன். "என்ன பல்பு வேணும்" என்று அவர் கேட்கவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, மீட்டரை முதலில் பேட்டரியில் வைத்தார்: 13.8 வோல்ட். அடுத்து, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் காலில் வைத்தார்: 11.6. "நடுவுல ரெண்டு வோல்ட்டை யாரு சார் சாப்பிட்டது?" என்றார். பத்து வருஷத்து வயர், வண்டி உடம்போடு வயர் சேரும் இடத்தில் பாசி பிடித்த எர்த், தேய்ந்த ஸ்விட்ச் எல்லாம் சேர்ந்து சாப்பிட்டிருக்கின்றன. ஹாலஜன் பல்புக்கு வோல்ட்டேஜ் கொஞ்சம் குறைந்தால் வெளிச்சம் நிறையக் குறையும். பல்பு தயாரிப்பவர்கள் 13.2 வோல்ட்டில் அளந்துதான் டிம்முக்கு ஏறக்குறைய 1,000 லூமென் என்கிறார்கள். அதையே 11.6-இல் எரித்தால் 650 தேறினால் அதிகம். மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே காணாமல் போகிறது. நான் பல்பு பல்பாக மாற்றிக்கொண்டிருந்தது அதைத் தேடித்தான்.

அவர் ஒரு ரிலே கிட் போட்டார். ரிலே என்றால் சின்னக் கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ஸ்விட்ச். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயர் நேராகப் பல்புக்குப் போகும். பழைய கப்ளர் ரிலேயைத் தட்டி எழுப்புவதோடு சரி. எர்த்தைச் சுரண்டிப் புதுசாக முறுக்கினார். சாதாரண 60/55 பல்பு ஒரு ஜோடி. மறுபடி மீட்டரை வைத்தபோது 13.3. அன்று சாயங்காலம் ஓட்டிப் பார்த்தேன். 3,200 ரூபாய் எல்இடி காட்டாத மைல்கல்லை, 500 ரூபாய்க்குள் முடிந்த இந்த ஜோடி காட்டியது.

உன் வண்டிக்கு முதலில் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். நீ அனுப்பிய போட்டோவில் பேரனைப் பார்த்தேனோ இல்லையோ, அவனுக்குப் பின்னால் நிற்கும் வண்டியின் டூமைப் பார்த்தேன். மஞ்சளாக, மோர் ஊற்றி வைத்த மாதிரி இருக்கிறது. மாருதி 800 காலத்தில் அது கண்ணாடி. கல் பட்டால் உடையும், மங்காது. இப்போது பாலிகார்பனேட். பத்து வருஷம் வெயிலில் நின்றால் மேல்பூச்சு போய் மஞ்சளடிக்கும். அதற்குப் பின்னால் சூரியனையே வைத்தாலும் வெளிச்சம் சிதறித்தான் வெளியே வரும். தென்காசியிலேயே பெயிண்ட் ஷெட்டில் செய்வார்கள். ஓரத்தில் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டு, ஆயிரம் நம்பர் வாட்டர் பேப்பரில் ஆரம்பித்து இரண்டாயிரம் வரை தேய்த்து, காம்பவுண்ட் போட்டு மெருகேற்றுவார்கள். முக்கியமான விஷயம், கடைசியில் வெயில் தாங்கும் கிளியர் கோட்டிங் கட்டாயம் அடிக்கச் சொல். அதை விட்டால் சில மாதத்தில் பழைய மோர் திரும்ப வந்துவிடும். பற்பசை வைத்துத் தேய்க்கிற வைத்தியத்தையும் நான் செய்து பார்த்தேன். ஒரு வாரம் மின்னியது.

வேலை முடிந்ததும் சுவரில் குறி பார்க்க வேண்டும். டூமைக் கழற்றி மாட்டினாலே குறி மாறும். டயரில் காற்றைச் சரிபார்த்து, சமதரையில், சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, டிரைவர் சீட்டில் ஒரு ஆளை உட்கார வை. பல்பின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸ் கோடு போடு. டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டுக்குப் பத்து சென்டிமீட்டர் கீழே வெட்டின மாதிரி நிற்க வேண்டும். இடது பக்கம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், அதைக் கோளாறு என்று நினைத்துவிடாதே. நாம் இடது பக்கம் போகிறவர்கள், ஓரத்தில் நடப்பவன் தெரியட்டும், வலது பக்கம் வருகிறவன் கண் தப்பட்டும் என்று விளக்கிலேயே வைத்த ஏற்பாடு அது. டூமுக்குப் பின்னால் திருகு இருக்கிறது, ஏற்றி இறக்கலாம். அந்தக் காலத்தில் ஹெட்லைட்டுக்கு நடுவில் கறுப்புப் பொட்டு வைக்கச் சொல்வார்களே, ஞாபகம் இருக்கிறதா? யாருக்கும் இந்தத் திருகைத் திருப்பத் தோன்றவில்லை பார்.

பல்பு வாங்கும்போது இரண்டையும் சேர்த்தே மாற்று. அடிப்பாகத்தில் ஹெச்4 என்றும், வட்டத்துக்குள் இ என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கிறதா பார். அளவுகோலுக்குள் நிற்கும் பல்பு என்று அர்த்தம். மாட்டுகிற பையன் கண்ணாடியை விரலால் தொடாமல் பார்த்துக்கொள். விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகம் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். என்னுடையது ஒன்று ஆறே வாரத்தில் போனது அப்படித்தான். தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு மாட்டச் சொல்.

பெட்டியில் '130 சதவீதம் கூடுதல்' என்று போட்ட பல்புகளும் இருக்கின்றன. அதே 60/55 வாட்தான், ஒயருக்கு ஆபத்தில்லை. மொத்த வெளிச்சம் இரண்டு மடங்காகாது, ரோட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் விழும் வெளிச்சத்தைத்தான் அப்படிக் கணக்குக் காட்டுகிறார்கள். இழையை நெருக்கிச் சுற்றிக் கூடுதல் சூட்டில் எரிப்பதால் கொஞ்சம் தூரம் தெரியும், ஆயுசு குறையும். ஆசைக்கு 2,200 ரூபாய்க்கு ஒரு ஜோடி போட்டேன். நன்றாகத்தான் இருந்தது, பத்து மாதத்தில் ஒன்று போனது. நீல முலாம் பூசிய பல்பைத் தொடவே தொடாதே. உள்ளே எரிகிற வெளிச்சத்தில் ஒரு பகுதியை அந்த முலாமே விழுங்கிவிடும். மஞ்சள் பல்பு பனியைக் கிழிக்கும் என்று உன் மச்சினன் சொல்வதும் அப்படியொன்றும் நிஜமில்லை. பிரான்சில் 1993 வரை மஞ்சள் ஹெட்லைட்தான் சட்டமாக இருந்தது, அப்புறம் அவர்களே கைவிட்டுவிட்டார்கள். பனிக்குள் டிம் போட்டு மெதுவாகப் போவதைத் தவிர வேறு வித்தை இல்லை.

இன்னொரு சங்கதி. இத்தனையும் செய்த பிறகும் எதிர் வண்டி வெளிச்சத்தைச் சுற்றி எனக்கு ஒரு வளையம் தெரிந்துகொண்டே இருந்தது. எதிராளிகள் எல்லோரும் எல்இடி போட்டுவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். சின்னவன் பிடித்து இழுத்துப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினான். புரை ஆரம்பம். இருபது வயசில் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அறுபதில் போகும் என்றார் டாக்டர். என் டூமும் மங்கல்தான் மாப்ளே. பயப்பட ஒன்றுமில்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றிருக்கிறார். நீ எனக்கு எட்டு மாதம் மூத்தவன். வாட்டர் பேப்பர் வாங்கப் போகிற அன்றே கண்ணையும் காட்டிவிட்டு வா.

தை மாதம் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய், வா. தங்கச்சியையும் கூட்டி வா. காலைச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பினால் இருட்டுவதற்குள் இங்கே வந்துவிடலாம். எதிர்வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் நீளமாக, புதுசாக வெள்ளையடித்து நிற்கிறது. சாக்பீஸும் வாங்கி வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஒரு மணி நேர வேலை. நாகல்நகர்க் குருவையும் வரச்சொல்லி மீட்டர் வைத்துவிடலாம்.

அந்த எல்இடி ஜோடி என்ன ஆயிற்று என்று கேட்பாய். விற்க மனசு வரவில்லை, வாங்குகிறவன் யார் கண்ணையாவது குருடாக்குவான். பழைய பேட்டரி ஒன்றில் இணைத்து மோட்டார் ரூமில் தொங்கவிட்டிருக்கிறேன். கரண்ட் போனால் கிணறு வரைக்கும் பளிச்சென்று தெரிகிறது.

அன்புடன்,
உன் திண்டுக்கல் மாப்ளே

பி.கு.: ஊறுகாயில் ஒரு பாட்டில் உனக்கு எடுத்து வைத்தாயிற்று. வரும்போது காலி பாட்டிலோடு வராதே, இன்னொரு பை எலுமிச்சையோடு வா.