களப்போர வாடிப் பூனைகளுக்குக் கருத்தடை முகாம் நடத்தித் தரக் கோருதல்

பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம், கரைதுறைப்பற்று,
முல்லைத்தீவு.

மதிப்புக்குரிய ஐயா/அம்மணி,

கொக்குத்தொடுவாயில் கொக்கிளாய்க் களப்பை ஒட்டிக் குடியிருக்கும் நாங்கள் இம்மனுவைத் தருகிறோம். 1984இல் இடம்பெயர்ந்து, போர் முடிந்த பிறகு திரும்பி வந்தபோது ஊர் எலி பெருத்த பற்றைக்காடாகக் கிடந்தது. நெல்லையும் வலையையும் காக்கப் பூனை வேண்டியிருந்தது. இன்று அவற்றின் வழிவந்தவை வீடுவாசல் இல்லாமல் மீன் வாடிகளைச் சுற்றிப் பெருகிவிட்டன. விலைபோகாத காரலும் மீன் தலையும் குடலும் கரையிலேயே கொட்டப்படுகின்றன. அது போதாதென்று எங்களில் சிலர் பின்னேரங்களில் சோறும் பிசைந்து வைக்கிறோம். வயிறு ஒட்டிய குட்டியைக் கண்டால் யாருக்குத்தான் மனம் கேட்கும்?

ஆனால் வயிறு நிறைந்தாலும் பூனை வேட்டையை விடாது. கொக்கிளாய்க் களப்பு 1951ஆம் ஆண்டிலேயே சரணாலயமாக்கப்பட்டது. தண்ணீர் வற்றும் காலத்தில் ஆட்காட்டி, ஆலா ஆகிய பறவைகள் வெறுந்தரையில்தான் முட்டையிடும். கூடென்று சொல்ல ஒரு சிறு பள்ளம், அவ்வளவுதான். ஆட்காட்டிக் குஞ்சு ஆபத்தென்றால் தரையோடு ஒட்டிப் படுத்துவிடும். மேலே பறக்கும் பருந்தின் கண்ணுக்கு அது தப்பலாம், இரவில் பதுங்கி வரும் பூனைக்கோ வாய்க்கு வந்த இரை. விடிந்தால் இறகுதான் மிச்சம். அரணை, ஓணான், தவளைக்கும் இதே கதிதான்.

நஞ்சு வைக்கலாம் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். நஞ்சிட்ட மீனைக் கீரியும் பருந்தும் தின்னும், களப்போரத்து மீன்பிடிப் பூனையும் தின்னும். சாக்கில் கட்டி அடுத்த ஊரில் விட்டால் தலையிடி அந்த ஊருக்கு. கழிவு கிடக்கும் வரை இங்கே வேறு பூனை வந்து சேரும். சோறு வைப்பதை மட்டும் தடை செய்தாலோ, களவாக வைப்பார்கள்.

பெட்டைப் பூனை பிறந்து ஐந்தாறு மாதத்திலேயே சினைப்படும், ஒன்பது கிழமையில் குட்டி போடும். ஒன்றிரண்டுக்குக் கருத்தடை செய்து பயனில்லை, பெரும்பாலானவற்றுக்குக் குறுகிய காலத்தில் செய்துமுடிக்க வேண்டும். எனவே கால்நடை வைத்திய அலுவலகத்துடன் பேசி, எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் முகாம் நடத்தித் தாருங்கள். விசர்நோய்த் தடுப்பூசியும் அப்போதே போட்டுவிடலாம். செய்து முடித்ததன் காது நுனியை வெட்டி அடையாளமிட்டால் மறுபடி பிடிக்க வேண்டியதில்லை. பொறிக்கூடு கிடைத்தால் பிடித்துத் தருவது எங்கள் பொறுப்பு. எந்தப் பூனை எந்த வாடியில் ஒதுங்கும் என்பது சோறு வைப்பவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம், கருத்தடை செய்த பூனையும் குஞ்சைப் பிடிக்கத்தான் செய்யும். ஆகவே சோறு வைக்கும் இடத்தைக் களப்போரத்திலிருந்து குடிமனைப் பக்கம் மாற்ற வேண்டும். வனஜீவராசிகள் அலுவலர் வந்து இடம் குறித்துத் தந்தால் நாங்கள் மாற்றிக்கொள்கிறோம். மீன் கழிவுக்கு மூடியுள்ள குழி ஒன்றைப் பிரதேச சபை மூலம் வெட்டித் தரவும் கேட்கிறோம்.

அடுத்த முறை களப்பு வற்றுவதற்கு முன் முகாம் நடப்பது நல்லது. திகதியைக் கிராம அலுவலர் ஊடாக அறியத் தாருங்கள்.

இப்படிக்கு,
களப்போரக் குடியிருப்பாளர்கள்,
கொக்குத்தொடுவாய்.